சாவியில்லாச் சாவியும் எவர்சில்வர் சம்புடமும்

புதுக் கார் எடுக்கும் குடும்பத்தை விற்பனைக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து, மூன்றடி நீள அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் காத்திருக்கிறது. அந்த அட்டைச் சாவிக்குப் பற்கள் உண்டு, வளையம் உண்டு. குழந்தை வரைந்த சாவியைப் போல ஐயத்துக்கு இடமில்லாத சாவி அது. வாங்கியிருக்கும் வண்டியிலோ சாவித்துளையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சட்டைப்பையில் கூழாங்கல் போன்ற ஒன்று கிடந்தால் போதும், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் உயிர்பெறும். இதற்குச் 'சாவியில்லா நுழைவு' என்று பெயர். சாவியே வேண்டாம் என்று விளம்பரம் செய்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டாகச் சாவி கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த இரண்டாவதை எங்கே, எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

உறவினர் ஒருவருக்காக அப்படியொரு கூடத்துக்குப் போயிருந்தேன். இருக்கை உறை, தரைவிரிப்பு, பாட்டுப் பெட்டியின் திரை எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் விளக்கினார்கள். கடைசியில் இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து நீட்டிய இளைஞர், "ரெண்டையும் பத்திரமா வச்சுக்குங்க சார்" என்றார். பத்திரம் என்றால் எப்படி என்று கேட்டேன். "வீட்லதான் சார்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கட்டுரையின் சண்டை அந்த 'வீட்லதான்' என்ற சொல்லோடுதான். இந்த வகைச் சாவிக்கு வீடு ஒரு பாதுகாப்பே அல்ல.

கவிதையும் நாவலும் பேசுகிறவர்கள் நடுவே கார்ச் சாவிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ இது நம் துறைக்கு மிக அருகில் உள்ள பொருளாகவே படுகிறது. வேதாரண்யத்தானுக்கு அப்படித்தான் படும். திருமறைக்காட்டுக் கோயிலின் திருக்கதவை வேதங்கள் வழிபட்டு அடைத்துவிட்டுப் போயின என்றும், அடியவர் வேறொரு வாயில் வழியாகச் சென்று தொழுதுவந்தார்கள் என்றும், அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்றும் பெரியபுராணம் சொல்லும் கதை எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரிந்த கதை. அதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அப்பர் வாயெடுத்ததும் கதவு திறந்துவிடவில்லை. பதிகம் முழுவதையும் பாடவைத்துத்தான் திறந்தது. அடைப்பதற்கோ சம்பந்தரின் முதல் பாட்டே போதுமானதாக இருந்தது. அந்தத் தாமதத்தை எண்ணி அப்பர் வருந்தினார் என்கிறார் சேக்கிழார். பக்தர்கள் அதற்குப் பல பொருள் சொல்வார்கள். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: அந்தக் கதவு திறக்க வேண்டுமானால் ஒருவர் அதன் எதிரில் நின்று, திறக்க வேண்டும் என்று எண்ணி, அதை வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அப்பர் மடத்தில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தபோது அது திறந்ததாகக் கதை இல்லை.

இன்றைய கார்க் கதவு அப்படியல்ல. அது எப்படித் திறக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்துவிடுவோம். இதை விளக்காமல் பிஸ்கட் டப்பா வரைக்கும் போகிறவர்களால்தான் இந்த விஷயமே வேடிக்கையாகிப் போயிற்று.

வண்டியின் கைப்பிடிகளிலும் உள்ளேயும் பின்புறத்திலும் சிறு கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. அவை ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மெல்லிய அலையால் 'யாராவது இருக்கிறீர்களா' என்று கூப்பிடும். அந்தக் கூப்பாடு இரண்டடி, நான்கடிக்கு மேல் கேட்காது. கேட்கும் தொலைவில் சாவி இருந்தால் அது விழித்துக்கொண்டு, வேறொரு அலைவரிசையில் (பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதையொத்தது) சங்கேத மொழியில் மறுமொழி சொல்லும். இந்த மறுமொழி பல பத்து மீட்டர் தாண்டிக் கேட்கக்கூடியது. சங்கேதம் சரியாக இருந்தால் கதவு திறக்கும். சாவி தன்னுடைய சாவிதானா என்பதை வண்டி மிக நன்றாகவே சோதிக்கிறது; அதில் குறையில்லை. அது சோதிக்காதவை இரண்டு. சாவி உண்மையில் அருகில் இருக்கிறதா என்பது ஒன்று. தன் மெல்லிய குரல் கேட்டது என்றால் அருகில்தான் இருக்க வேண்டும் என்று அது நம்பிக்கொள்கிறது. உடையவர் இப்போது திறக்க விரும்புகிறாரா என்பது மற்றொன்று. அந்தக் கேள்வியே அதற்குத் தெரியாது.

திருடர்கள் இருவர் வருகிறார்கள். ஒருவர் வண்டியருகே ஒரு கருவியோடு நிற்கிறார். மற்றவர் வீட்டுச் சுவரோரமாக இன்னொரு கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வண்டியின் கூப்பாட்டை முதலாமவர் வாங்கி இரண்டாமவருக்கு அனுப்ப, அவர் அதைச் சுவருக்கு அப்பால் மாடத்தில் கிடக்கும் சாவிக்குச் சேர்ப்பிக்கிறார். சாவி விழித்து, நேர்மையாக, தன் எசமானின் வண்டிதான் கூப்பிடுகிறது என்று நம்பி மறுமொழி சொல்கிறது. சங்கேதத்தை யாரும் உடைக்கவில்லை. கடிதத்தைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுக்கும் தூதன் செய்கிற வேலைதான் இது. எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், சாவி தொலைவில் போனாலும் அது நிற்பதில்லை. ஓடும் வண்டி நடுச்சாலையில் திடீரென நின்றுபோவது ஆபத்து என்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. கண்ணாடி உடையாது, பூட்டு நெளியாது, நாய் குரைத்தால்தான் உண்டு.

இது நேற்று தெரியவந்த இரகசியமும் அல்ல. மெர்சிடிஸ் நிறுவனம் தன் எஸ் வகைக் காரில் இந்த வசதியை 1990களின் இறுதியில் கொண்டுவந்தது. சூரிச் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்சியோன், டானேவ், சாப்குன் ஆகிய மூவர், எட்டு நிறுவனங்களின் பத்து மாதிரிகளை எடுத்து இதே அஞ்சல் முறையால் திறந்து, ஓட்டியும் காட்டி, 2011-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பத்தும் திறந்தன. பதினைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதன் பிறகு ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சோதித்து, மிகப் பெரும்பாலானவை அப்படியே ஏமாறுகின்றன என்று தொடர்ந்து சொல்லிவருகிறது. தெரிந்தே விற்றார்கள், தெரிந்தே விற்கிறார்கள் என்று நான் சொல்வதை மிகை என்று யாராவது நினைத்தால் இந்த ஆண்டுக்கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கட்டும்.

இதற்கு எதிராக எனக்குச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று.

முதலாவது, நம் பக்கத்துக்கே உரியது: "கோடியக்கரையில் எவன் ரெண்டு கருவியைத் தூக்கிக்கிட்டு வரப்போறான்?" உப்பளமும் வெளிமானும் மட்டக்குதிரையும் பூநாரையும் உள்ள ஊர், ஒருவரையொருவர் தெரிந்த ஊர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடிக்குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர் என்ன பாடினார்? ஆந்தையும் கூகையும் அலறும் காடு, கடற்காற்று மோதும் கரை, சுற்றிலும் தீயவர்கள், இங்கே துணையில்லாமல் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறீரே என்று இறைவனுக்காகவே கவலைப்பட்டவர் அவர். இந்தக் கரையில் களவுக்கு இடமில்லை என்பவர்கள் அந்தப் பதிகத்தைக் கோயில் சுவரிலாவது படித்துவிட்டுப் பேச வேண்டும்.

பழைய கதை வேண்டாமென்றால் புதிய கதைக்கு வருகிறேன். காவிரி, கொள்ளிடக் கரைச் சிற்றூர்க் கோயில்களில் ஒரு பூட்டும், அதன் சாவி குருக்கள் வீட்டு ஆணியிலுமாக நூற்றாண்டுகளைக் கடத்தியவர்கள் நாம். "சாமியை எவன் திருடுவான்" என்றுதான் அங்கும் சொன்னார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசர் கிளம்பிப் போய் 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு விலைபோனார். 2014-இல்தான் இந்தியாவுக்குத் திரும்பினார். கோயில் பூட்டியே கிடந்தது, பூட்டியிருக்கிறது என்பதாலேயே யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. சிற்றூரின் அமைதி திருடனுக்குத் தடையல்ல, வசதி. தவிரவும், டிஎன் 51 என்று பலகை மாட்டிய வண்டிகள் எல்லாம் நாகை மாவட்டத்திலேயா உறங்குகின்றன? பாதி, சென்னை அடுக்ககங்களின் வாசலில் உறங்குகின்றன. 2025 ஜூனில் அண்ணாநகரில் ஒரு சொகுசுக் கார் களவுபோன வழக்கில் ராஜஸ்தான்காரர் ஒருவரைக் காவல்துறையினர் புதுச்சேரியில் பிடித்தார்கள். இருபது ஆண்டுகளாக இதே தொழில் என்றார்கள். அவர் எந்த முறையில் திறந்தார் என்பது இங்கே என் வாதமல்ல. ராஜஸ்தானிலிருந்து அண்ணாநகருக்கு வரத் தெரிந்தவருக்குப் புதுச்சேரி தாண்டித் தெற்கே இறங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது வாதம் படித்தவர்களுடையது: "திருட வேண்டும் என்று நினைப்பவன் எப்படியும் திருடுவான், டப்பாவில் வைத்து என்ன பயன்?" இதில் உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. 2022-இல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டாவே களவுபோயிற்று. திருடர்கள் சாவியைத் தேடவே இல்லை; முகப்பு விளக்கின் கம்பியைப் பிடுங்கி, அதன் வழியே வண்டியின் உள்வலையமைப்புக்குள் பொய்ச் செய்தி செலுத்தித் திறந்தார்கள். அவரும் கென் டின்டெல் என்பவரும் சேர்ந்து அதைத் துப்பறிந்த வரலாறு 2023-இல் வெளிவந்தது. துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. நம் நாட்டிலும் கண்ணாடியை உடைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள பழுதறியும் துளையில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பழக்கிவிடும் கும்பல்களை டெல்லி காவல்துறை பலமுறை பிடித்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் சம்புடம் மருந்தல்ல. ஆனால் ஜன்னல் வழியாகவும் திருடன் வரலாம் என்பதற்காக யாரும் வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதில்லையே! கருவியும் துணிச்சலும் சத்தமும் வேண்டிய வழி ஒருபுறம்; சத்தமே இல்லாமல், உங்கள் சாவியின் நேர்மையையே கூலியாகப் பயன்படுத்திக்கொள்ளும் வழி இன்னொருபுறம். இரண்டாவதை அடைக்க ஆகும் செலவு ஒரு டப்பா.

மூன்றாவது வாதம், வாதம் என்றுகூடச் சொல்ல முடியாது, சரணாகதி. கனடாவில் டொரண்டோ வட்டாரம் கார்த் திருட்டால் அலைக்கழிந்தது நம்மவர்களில் பலருக்கு நேரடியாகத் தெரியும். ஸ்காபரோவிலும் பிராம்டனிலும் மார்க்கத்திலும் தமிழ்க் குடும்பம் இல்லாத தெரு எது? களவுபோன வண்டிகள் பெட்டகங்களில் ஏறி மாண்ட்ரியல் துறைமுகம் வழியே கடல் கடந்தன. 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு இதற்காகவே தேசிய மாநாடு கூட்டியது. அதே காலகட்டத்தில், டொரண்டோ காவலர் ஒருவர் குடியிருப்பாளர் கூட்டத்தில் எழுந்து, வீடு புகுந்து உங்களைத் தாக்குவதைத் தவிர்க்க வேண்டுமானால் கார்ச் சாவியை வாசல் கதவருகிலேயே வைத்துவிடுங்கள் என்று ஆலோசனை சொன்னார். ஊரே சிரித்தது, பிறகு கோபப்பட்டது. காவல்துறை விளக்கம் அளிக்க வேண்டிவந்தது. நான் அந்தக் காவலரைக் கேலி செய்ய மாட்டேன். உயிரா காரா என்றால் உயிர்தான். ஆனால் ஒரு பெருநகரின் காவலர் அந்த இடத்துக்கு வந்து நிற்கும்படி செய்தது யார்? சாவியைத் திருடுவதற்கு வீடு புக வேண்டிய தேவையையே ஒழித்த வண்டிகளைச் செய்தவர்கள், அடுத்த கட்டத்தில் அந்தத் தேவையைத் திருடர்கள் மீண்டும் கண்டுபிடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்கள் வீட்டு ஆள்.

இனி இரண்டாவது சாவி. கையில் புழங்கும் சாவியை நாம் ஓரளவுக்காவது கவனிக்கிறோம். உபரிச் சாவிதான் அநாதை. டெலிவரி அன்று சாமி படத்தின் முன் வைத்தது, பிறகு டிவிக்கு அடியிலோ வாசல் நிலையின் ஆணியிலோ, வண்டி நிற்கும் சுவருக்கு நேர் மறுபுறத்தில், ஆண்டுக்கணக்கில் தொங்கும். யாரும் தொடாததால் அது சும்மா இருக்கிறது என்று நினைக்கிறோம். அது சும்மா இல்லை. உள்ளே மின்கலம் உள்ளவரை, கூப்பிட்டால் எழுந்து 'ஆமாம்' சொல்லக் காத்திருக்கிறது. முதல் சாவியை நீங்கள் வெள்ளிப் பேழையிலே பூட்டிவைத்தாலும் இரண்டாவது சாவி வாசலில் தொங்கினால் பேழைக்கு வேலை இல்லை.

இதைவிட மோசம், அதை வண்டிக்குள்ளேயே, முன்பெட்டியில் போட்டுவைப்பது. நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று எண்ணினால் வெட்கமாக இருக்கும். களவுபோனதும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் பொருள்களில் ஒன்று இரண்டு சாவிகளும்தான். ஒன்றை மட்டும் நீட்டினால், மற்றது எங்கே என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு ஐயம் நிற்கும். வண்டியைக் காப்பாற்ற நியாயமான முயற்சிகள் அனைத்தையும் உரிமையாளர் எடுக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய ஓட்டுநரின் லாரி களவுபோன வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2023-இல் 75 விழுக்காடு தொகையாவது கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அதாவது மேலே போய்ப் போராடியவருக்கு முக்கால் பங்கு. போராடாதவருக்கு?

சாவியில்லாக் காரில் இது இன்னும் கொடுமை. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றாவது தரையில் கிடந்தால் திருட்டு என்று சொல்ல முடியும். சுத்தமான வாசலைக் காட்டி, இரண்டு சாவியும் என்னிடம்தான் இருக்கின்றன, ஆனால் வண்டி இல்லை என்று காவல் நிலையத்தில் ஒருவர் சொல்லும்போது எதிரில் இருப்பவர் அவரை எப்படிப் பார்ப்பார்? திருட்டுக் கொடுத்தவனே குற்றவாளியின் முகத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அந்த இரண்டாவது சாவிதான் அவனுக்கு இருக்கும் ஒரே சாட்சி. அதைத் தொலைத்தவனுக்கு அதுவும் இல்லை.

அளவுக்கு மீறி ஒளித்துவைப்பதும் கூடாது என்பதற்குப் பூரி ஜகந்நாதர் கோயில் இருக்கிறது. இரத்தின பண்டாரத்தின் உள்ளறைச் சாவியைக் காணோம் என்பது 2018 ஏப்ரலில், ஆய்வுக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஒடிசாவே கொந்தளித்தது. சில வாரங்கள் கழித்து ஆட்சியர் அலுவலக ஆவண அறையில், மாற்றுச் சாவி என்று எழுதிய உறை ஒன்று கிடைத்தது. 2024 ஜூலையில் அந்தச் சாவிகளைக் கொண்டு போனால், பூட்டு திறக்கவில்லை, அறுத்துத்தான் திறந்தார்கள். மாற்றுச் சாவியை வைத்துக்கொள்வது என்றால், எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருப்பதும், அவ்வப்போது போட்டுப் பார்ப்பதும் சேர்ந்ததுதான்.

அப்படியானால் எப்படி வைப்பது? இந்தியக் குடும்பத்தில் ஆண்டுக்கு இரண்டு முறைகூடப் பயன்படாத உபரிச் சாவிக்கு, டப்பாவையும் விட எளிய வழி ஒன்று உண்டு. அதன் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான சாவிகளில் சிஆர் 2032 அல்லது அதையொத்த பொத்தான் அளவு மின்கலம்தான் இருக்கிறது. ஒரு நாணயத்தால் நெம்பினால் மூடி திறக்கும். மின்கலம் இல்லாத சாவி தூரத்துக் கூப்பாட்டுக்கு எழுந்து பதில் சொல்லாது. ஆனால் செத்தும் போவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் சாவியின் உடலுக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தோ அதற்கென உள்ள இடத்தில் வைத்தோ எஞ்சினை இயக்கிவிடலாம். கையேட்டின் கடைசிப் பக்கங்களில், யாரும் படிக்காத இடத்தில், படத்தோடு போட்டிருப்பார்கள். கழற்றிய மின்கலத்தைத் தனியே காகிதத்தில் சுற்றிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்; விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும் பண்டம் அது. எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. உப்புக் காற்று ஆணியைத் தின்னும் ஊரில், உள்ளே மின்கலம் கசிந்து சாவியின் தகடு பச்சை பூத்துப்போவதும் நின்றுவிடும்.

தினமும் புழங்கும் சாவிக்குத்தான் சம்புடம். இணையத்தில் விற்கும் உலோக இழைப் பைகள் ஒரு வழி. மடித்து மடித்து இழை அறுந்ததும் அவை வெறும் பை ஆகிவிடும். அடுக்களையில் இறுக்கமான மூடியோடு இருக்கும் எவர்சில்வர் சம்புடம் நன்றாகவே தாங்கும், மூடி பொருந்தாவிட்டால் தாங்காது. பிஸ்கட் டப்பாவும் அப்படியே. எதையும் நம்பாமல் சோதித்துவிடுவதுதான் முறை: சாவியை உள்ளே வைத்து மூடி, டப்பாவை வண்டியின் கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திறந்து பாருங்கள். திறந்தால் டப்பா தோற்றது. (இதைச் செய்யும்போது உபரிச் சாவி இன்னொருவர் சட்டைப்பையில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.) மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அந்த வீட்டில் என்றாவது ஒருநாள் யாராவது பால் காய்ச்சுவார்கள்.

இன்னொன்று, சில சாவிகளையே உறங்கவைக்க முடியும். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தினால், விளக்கு நான்கு முறை சிமிட்டிச் சாவி தூங்கப்போகும். மின்கலத்தை மிச்சப்படுத்தும் வசதி என்று கையேடு அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறது. சில மெர்சிடிஸ் சாவிகளிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. ஃபோர்டு 2019-இல் பிரிட்டனில், அசையாமல் கிடந்தால் தானே உறங்கிவிடும் சாவியைக் கொண்டுவந்தது. ஜாகுவார் லேண்ட் ரோவர் 2018 முதலே, அலை சென்று திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்து சாவியின் உண்மையான தொலைவைக் கண்டுபிடிக்கும் அதி அகல அலைவரிசை முறையைத் தன் மாதிரிகளில் சேர்க்கத் தொடங்கியது. நடுவில் அஞ்சல்காரன் நின்றால் நேரம் நீளும், வண்டி ஏமாறாது. அதே நிறுவனத்தின் பழைய வண்டிகளுக்கு லண்டனில் காப்பீடு கொடுக்கவே நிறுவனங்கள் தயங்கிய பிறகு, 2023-இல் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டுப் பழையவற்றையும் பலப்படுத்தியது. ஆகவே மருந்து இருக்கிறது. காப்பீடு மறுக்கப்பட்டு, விற்பனை அடிவாங்கும் நாட்டில் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கும் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் இணையப் பாதுகாப்பு விதி கட்டாயம். பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த மசோதா, இத்தகைய அஞ்சல் கருவியைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதையே ஐந்தாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்க முனைந்தது. நம் விற்பனைக்கூடங்களில் 'இந்தச் சாவி உறங்குமா?' என்று கேட்டால் கிடைக்கும் பார்வையை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

என் கோபம் இங்கேதான். அசையாச் சாவியை உறங்கவைக்கும் சிறு உணரியைச் சேர்க்காமல் மிச்சம் பிடித்தவர் ஒருவர். அந்த மிச்சத்துக்காக இரவெல்லாம் காவல் இருக்க வேண்டியவர் இன்னொருவர். கதவருகே ஆணியில் மாட்டியது உன் குற்றம், டப்பாவில் வைக்காதது உன் கவனக்குறைவு என்று பின்னால் சொல்லப்படுமானால், விற்கும்போதே அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லாத எச்சரிக்கையை மீறியதாக யாரையும் குற்றம் சாட்ட முடியாது. நான் சம்புடத்தில் வைக்கச் சொல்வது நட்டம் நம்முடையது என்பதால். பொறுப்பு நம்முடையது என்பதால் அல்ல. இந்த வேறுபாட்டை இன்சூரன்ஸ் முகவரும் காவல் நிலைய எழுத்தரும் புரிந்துகொள்ளும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

'சாவி' என்பதே போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல். அதற்கு முன் நம்மிடம் இருந்தது திறவுகோல். திறக்கிறவன் கையில் பிடிக்கும் கோல். பிடிக்க வேண்டும், நுழைக்க வேண்டும், திருப்ப வேண்டும். மூன்றிலும் ஒருவனுடைய விருப்பம் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதற்குள் வாங்க ஆளில்லாமல் பட்டறைகள் சுருங்கிவிட்டன. அந்தப் பட்டறைக்காரர்களிடம் போய், உங்கள் பூட்டைத் திறக்கச் சாவியைப் பூட்டுக்கு அருகில் கொண்டுவந்தாலே போதும், திருப்பவே வேண்டாம் என்று சொன்னால், அது பூட்டே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் கோடியக்கரைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆதிசேதுவில் முங்க வருகிற கார்கள் காட்டுச் சாலையின் இருபுறமும் நிற்கும்போது, சக்கரத்தின் மேல், மிதியடிக்குக் கீழ், தேங்காய்ப் பழக் கூடைக்குள் என்று சாவியை ஒளித்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பழைய சாவியாவது ஒளிந்திருக்கும். இந்தச் சாவியைச் சக்கரத்தின் மேல் வைத்தால், கைப்பிடியைத் தொட்ட யாருக்கும் கதவு திறக்கும். உள்ளே வைத்தால் வண்டி பூட்ட மறுத்துக் கத்தும். இடுப்பில் முடிந்துகொண்டு கடலில் இறங்கினாலோ உப்புத் தண்ணீர் ஒரே முழுக்கில் அதன் கதையை முடித்துவிடும். மாற்றுச் சாவிக்குப் பல ஆயிரம் ரூபாயும் வாரக்கணக்கில் காத்திருப்பும் ஆகும். உபரிச் சாவியை மின்கலம் இல்லாமல் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கையிலிருப்பதை மூடி இறுகிய சம்புடத்தில் போட்டு, கரையில் குளிக்காமல் உட்கார்ந்திருக்கும் அப்பாயியிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். எல்லோருடைய சங்கிலியும் கடிகாரமும் ஏற்கெனவே அவர்கள் மடியில்தான் இருக்கும்.